“இனிமே வராதக்கா” என்று ஜெயிலில் இருக்கும் தம்பி சொன்னால்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு, ஏற்காட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் தம்பிக்கு 27 வயது, எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினான். போன மாதம் ஊரில் நடந்த கைகலப்பில் இவன் தள்ளிவிட்டதில் கீழே விழுந்த ஒருவர், 2 நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். கொலை வழக்கு போட்டிருக்கிறார்கள். 3 வாரமாக சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். ஜாமீன் ஒரு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது. ஜெயிலில் போய்ப் பார்ப்பதை மனு என்பார்கள், முதல் இரண்டு மனுவிலும் அழுதுகொண்டே பேசினான். போன வாரம் அழவே இல்லை. “நீ இனிமே வராதக்கா. அம்மாவப் பாத்துக்க. பைக்கை வித்து வக்கீலுக்குக் குடுத்துரு” என்றான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அப்பா அவமானம் தாங்காமல் இதுவரை ஒரு தடவைகூடப் பார்க்கப் போகவில்லை. “ஆம்பளப் பையன், தாங்கிக்குவான், இப்பப் பழகிட்டான்” என்கிறார். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது அவனுக்கு இன்னும் தெரியாது. நான் நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பை நானே உண்டாக்கிவிடுவேனா? ஜெயில் அதிகாரிகளிடம் சொன்னால் தனியாகப் போட்டுப் பூட்டிவிடுவார்களா? கேஸ் கெட்டுப்போகுமா? பெண் வீட்டு விஷயத்தைச் சொல்வதா, மறைப்பதா?

பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, செய்ய வேண்டியதை நாலு வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது உங்களுக்காக மட்டுமில்லை. அஸ்தம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆதார் அட்டையும் மாற்றுத்துணிப் பையுமாக ஜெயில் வாசலுக்கு நடக்கிற எல்லா அக்காக்களுக்கும் அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான். (அடையாளம் தெரியாதிருக்க உங்கள் கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உங்கள் பயம் நியாயமானது. அழுதுகொண்டிருந்தவன் அமைதியாகிவிட்டால் பழகிவிட்டான் என்று அப்பா எடுத்துக்கொள்கிறார். உண்மையிலேயே பழகிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் பழகிக்கொண்டவன் கேன்டீனில் சோப்பு வாங்கப் பணம் போடச் சொல்வான். வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்பான். பக்கத்தில் படுக்கிறவனின் குறட்டையைப் பற்றிப் புலம்புவான். அவன் பேச்சில் அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கும். உங்கள் தம்பி பேசியதில் அது இல்லை. அம்மாவை ஒப்படைத்துவிட்டான், வண்டியை விற்கச் சொல்லிவிட்டான், உங்களையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மூன்றும் ஒரே மனுவில் வந்ததால்தான் நான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

“ஆம்பள தாங்கிக்குவான்” என்பதற்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். 100-க்கு 96 பேர் ஆண்கள். 100-க்கு 75 பேருக்கு மேல் உங்கள் தம்பியைப் போல இன்னும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அந்த ஒரு வருடத்தில் சிறைகளில் நேர்ந்த இயற்கையல்லாத மரணங்கள் 159. அதில் 119 தற்கொலை. உச்ச நீதிமன்றம் 2018-ல் நீதிபதி அமிதவ ராய் தலைமையில் அமைத்த சிறைச் சீர்திருத்தக் குழு, 2017 முதல் 2021 வரையிலான 5 வருடத்தைப் பார்த்தது. இயற்கையல்லாத 817 மரணங்களில் 660 தற்கொலை, கொலை 41தான். பிள்ளை உள்ளே போனதும் “யாராவது அடிச்சிருவாங்களோ” என்றுதான் வீட்டில் எல்லாரும் பயப்படுகிறோம். அந்தப் பயத்தில் ஒரு பங்கை இந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். வெளியே இருப்பவரைவிட சிறையில் இருப்பவர் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2014-லேயே சொல்லிவிட்டது. தாங்கிக்கொள்வதில் ஆண் என்ற தனிச்சலுகை எதுவும் கிடையாது. சொல்லாமல் இருப்பதில்தான் ஆண்கள் கெட்டிக்காரர்கள். துக்கம் என்று சொல்ல மாட்டான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான், பிளாக்கில் யாரோடாவது சண்டைக்குப் போவான், மனுவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்பான். வெளியிலிருந்து பார்த்தால் திமிர் போலத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜெயிலில் இந்த ஆபத்து எல்லா நாளும் ஒரே அளவாக இருப்பதில்லை. அது தேதியோடு வரும்.

முதல் ஆபத்து, உள்ளே போன முதல் சில நாட்கள். நேற்றுவரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் இன்று நம்பராகிவிடுகிறான். அதிலும் தினமும் குடித்துக்கொண்டிருந்தவன் என்றால் உடம்பும் சேர்ந்து கலங்கும். குடி திடீரென்று நின்ற 2, 3-ஆம் நாளில் கை நடுங்கி, தூக்கம் போய், இல்லாத குரல் கேட்டு, சிலருக்கு வலிப்பே வரும். இது மருந்து கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய மருத்துவ அவசரம், “சரக்கு இல்லாம ஆடறான்” என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. உங்கள் தம்பி இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். ஆனால் படிக்கிற யாருடைய வீட்டிலாவது இன்றைக்குக் கைது நடந்திருந்தால், அவர் குடிப்பார் என்பதையும், சாப்பிட்டு வந்த மனநல மாத்திரை, வலிப்பு மாத்திரையையும் ரிமாண்ட் செய்கிற மாஜிஸ்திரேட்டிடமே வக்கீல் மூலம் சொல்லிவிடுங்கள். சீட்டைக் கையோடு கொடுங்கள். பல பேருடைய மாத்திரை கைதான அன்றே நின்றுபோகிறது, கேட்பதற்கு ஆளில்லை.

அப்புறம் கோர்ட் தேதிகள். ஜாமீன் தள்ளுபடியான அன்று ராத்திரி. 15 நாளுக்கு ஒருமுறை ரிமாண்ட் நீட்டிக்கப்படும் நாள். குற்றப்பத்திரிகை வருகிற நாள். தீர்ப்பு நாள், அதற்கு அடுத்த வாரம். நம் மாநிலத்தில் இன்னொன்று உண்டு: ஜாமீன் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவன் கையில், ஜெயிலுக்குள்ளேயே குண்டர் சட்ட உத்தரவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். 1982-ஆம் வருடத்து அந்தச் சட்டத்தில் 12 மாதம்வரை ஜாமீனுக்கு வழியில்லாமல் வைத்திருக்கலாம். அந்தக் காகிதம் கைக்கு வந்த ஒருவரை அன்று தனியே விடக்கூடாது. தீபாவளி, பொங்கல், ஆடிப் பதினெட்டு போன்ற நாட்களும் பொல்லாதவை.

மூன்றாவது வகைதான் உங்கள் கையில் இருப்பது. அது வீட்டுத் தேதி. பெண் வீட்டார் வேண்டாம் என்று சொன்ன நாள், குழு லோனுக்கு ஆள் வந்து வாசலில் நின்ற நாள், அம்மா மயங்கி விழுந்த நாள். இது எதுவும் ஜெயிலுக்குத் தெரியாது. அவன் 2 நாளாகச் சாப்பிடவில்லை, ராத்திரி லாக்கப் ஆன, அதாவது அறையைப் பூட்டிய பிறகு விடியவிடிய உட்கார்ந்தே இருக்கிறான் என்பது பிளாக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், வார்டருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பாதிப் பாதி தகவலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த நாள் கெட்ட நாள் என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே ஜெயிலுக்குச் சொல்லிவிட்டால், அந்த ஒரு ராத்திரிக்கு யாராவது பக்கத்தில் இருப்பார்கள். பல உயிர்கள் தப்பிப்பது இப்படித்தான். செத்துப்போக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரமோ கொஞ்ச நாளோ ஏறி இறங்குவது. மாதக்கணக்கில் ஒரே உச்சத்தில் நிற்பதில்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி. நேராகக் கேட்கலாமா?

கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பவனுக்கு, சொல்ல ஒரு வாசல் திறக்கும். ஆனால் மனு பார்க்கிற இடம் இதற்கு ஏற்ற இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரே நேரத்தில் நாலைந்து குடும்பம் கத்திப் பேசும். ஒரு குழந்தை அப்பாவைத் தொட முடியாமல் அழும். நேரம் முடிந்தது என்று பின்னாலிருந்து குரல் வரும். அதனால் கேள்வியைக் கடைசி நிமிஷத்துக்கு வைக்காதீர்கள். போனதும் முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள். சுற்றி வளைத்து, “ஏதும் தப்பா முடிவு எடுத்துர மாட்டியே?” என்று கேட்டால் “இல்லக்கா” என்றுதான் பதில் வரும், அந்தக் கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. உங்கள் வழக்கத்திலேயே இப்படிக் கேளுங்கள்: “கண்ணு, நேராவே கேக்கறேன். செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் பேசட்டும். ஆமாம் என்று சொன்னால் அலறாதீர்கள், “நாங்க என்னடா பாவம் பண்ணோம்” என்று தொடங்காதீர்கள். எப்போது வருகிறது, ராத்திரியா பகலா, தினமுமா, எப்படி என்றுகூட யோசித்துவிட்டானா என்று கேளுங்கள். யோசித்துவிட்டேன் என்றால் ஆபத்து அதிகம். உடனே சொல்லுங்கள்: “இத நான் டாக்டர்கிட்டயும் ஆபீசர்கிட்டயும் சொல்லப் போறேன். உனக்குத் தெரியாம சொல்லல, சொல்லிட்டுத்தான் போறேன்.” ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதேபோல அம்மா தலைமேல் சத்தியம் வாங்காதீர்கள். நம் வீடுகளில் முதலில் கை போவது அதற்குத்தான். சத்தியம் செய்துவிட்டவன் அதற்குப் பிறகு மனதில் இருப்பதை உங்களிடம் சொல்லவே மாட்டான், சொன்னால் சத்தியத்தை மீறியதாகிவிடும் என்று. கிடைப்பது உங்களுக்கு நிம்மதி மட்டும்தான், அவனுக்குக் காவல் இல்லை.

இல்லை என்று சொன்னாலும், மூன்று விஷயமும் ஒன்றாக வந்ததால் ஜெயிலுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மனு முடிந்து அடுத்த ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், அன்றைக்கே வாசலில் இருக்கும் அதிகாரியிடம் நல அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மத்திய சிறைகளில் நல அலுவலர், உளவியலாளர், மருத்துவர் என்று தனித்தனி ஆட்கள் உண்டு. வாயால் சொல்வதோடு எழுத்திலும் கொடுங்கள். “சிறைக் கண்காணிப்பாளர், மத்திய சிறை, சேலம்” என்று விலாசம் போட்டு, சுருக்கமாக இப்படி எழுதினால் போதும்:

“விசாரணைக் கைதியாக உள்ள என் தம்பி (பெயர், கைதி எண்) இன்ன தேதி மனுவின்போது இனி என்னைப் பார்க்க வர வேண்டாம் என்றும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படியும், தன் வண்டியை விற்றுவிடும்படியும் கூறினார். இன்ன தேதியில் அவருடைய ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. அவருக்குத் தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்று அஞ்சுகிறேன். உடனடியாக மருத்துவரும் உளவியலாளரும் அவரைப் பார்க்கவும், அவரைத் தனியாக வைக்காமல் மற்றவர்களோடு வைத்துக் கண்காணிக்கவும் வேண்டுகிறேன். என் போன் நம்பர் இது. எந்த நேரமும் அழைக்கலாம்.”

முன்பு எப்போதாவது தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாலோ, குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்துகொண்டிருந்தாலோ, மனநல சிகிச்சை எடுத்திருந்தாலோ அதையும் ஒரு வரி சேருங்கள். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள், டாக்டர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் ஒன்று போடுங்கள். இன்னொரு நகல் சேலம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, ஒன்று வக்கீலுக்கு. அடுத்த ரிமாண்ட் நீட்டிப்பின்போது மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடும்படி வக்கீல் மாஜிஸ்திரேட்டைக் கேட்கலாம். வீடியோவில் ஆஜரானாலும் தம்பியே வாய்திறந்து சொல்லலாம். சிறை மருத்துவர் தேவை என்று நினைத்தால் எஸ்கார்ட் போட்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்.

தனியாகப் போட்டுப் பூட்டிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பாதுகாப்பு என்ற பெயரில் அப்படிச் செய்கிற யோசனை எங்கேயும் வரக்கூடியதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சிறைகளுக்கென்றே வெளியிட்ட தற்கொலைத் தடுப்பு வழிகாட்டி, தனிமை ஆபத்தைக் கூட்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. பக்கத்தில் ஆள் இருப்பதுதான் மருந்து. தேசிய மனித உரிமை ஆணையம் 2023 ஜூனில் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய அறிவுரையிலும், சக கைதிகளிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் “தனியாக வைக்காமல்” என்ற வார்த்தையைக் கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதத்திலேயே போடச் சொன்னேன். இன்னொரு வழியும் இருக்கிறது. உங்களோடு வரிசையில் நிற்கிற மற்ற குடும்பங்களில், தம்பி இருக்கும் பிளாக்கிலேயே ஆள் வைத்திருப்பவர்கள் யாரென்று விசாரியுங்கள். “எங்க தம்பியக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்கம்மா” என்று அந்த அம்மா காதில் போட்டுவிட்டால், அது அன்று மத்தியானமே உள்ளே போய்ச் சேரும். அரசாங்கக் காகிதத்தைவிட வேகம்.

கேஸ் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இல்லை. அரசு ஊழியர் ஒருவரைக் கடமையைச் செய்யவிடாமல் நிர்ப்பந்திப்பதற்காக முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் வரும். உங்கள் தம்பி விஷயம் அது இல்லை. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவோ, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. மனம் சரியில்லை என்று டாக்டரிடம் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஒன்று மட்டும் அவனுக்குச் சொல்லிவையுங்கள்: அன்றைக்கு என்ன நடந்தது, யார் தள்ளினார்கள் என்பதை வக்கீலிடம் பேசட்டும். தூக்கம், பயம், சாகத் தோன்றுவதை டாக்டரிடம் பேசட்டும்.

பெண் வீட்டு விஷயம். மறைத்து வைக்க முடியும் என்று நினைக்காதீர்கள். நாளைக்கே உங்கள் மலையிலிருந்து வேறு ஒருவன் ஏதோ ஒரு கேஸில் உள்ளே போனால், அவன் வாயால் தெரிந்துவிடும். அதுவும் எல்லார் முன்னாலும், லாக்கப்புக்குக் கொஞ்ச நேரம் முன்னால் தெரிந்தால் இன்னும் மோசம். ஆனால் இந்த வாரமே சொல்லவும் வேண்டாம். முதலில் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும். அதற்குப் பிறகு கோர்ட் தேதி எதுவும் ஒட்டி வராத ஒரு நாளாகப் பார்த்து, காலை மனுவில், நீங்களே சொல்லுங்கள். சொல்லப்போகிறேன் என்று நல அலுவலரிடம் அதற்கு முன்பே தெரிவித்துவிடுங்கள், அன்று ராத்திரி அவன்மேல் ஒரு கண் இருக்கும். இடையில் அவனே கேட்டால் பொய் சொல்லாதீர்கள். “அவங்க வீட்ல பயந்திருக்காங்க, பேசிட்டுச் சொல்றேன்” என்பதும் உண்மைதானே.

பொய் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மனு பார்க்கப் போகிற எல்லாருமே சொல்கிற பொய் ஒன்று உண்டு: “அடுத்த வாரம் வெளிய வந்துருவ.” அன்பில் சொல்வதுதான். ஆனால் அவன் அந்த நாளை எண்ணிக்கொண்டு இருப்பான். நாள் வந்து, வெறுமனே போனால், அடுத்த தடவை நீங்கள் சொல்வது எதையும் நம்ப மாட்டான். விடுதலையைச் சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். “செஷன்ஸ் கோர்ட்ல மறுபடி போடறோம், இன்ன தேதிக்கு வருது. கெடைக்கலேன்னா ஹைகோர்ட். போலீஸ் 90 நாளைக்குள்ள சார்ஜ் ஷீட் போடலேன்னா, நாம மனு போட்டா ஜாமீன் குடுத்தே ஆகணும்.” கொலை வழக்குக்கு அந்த 90 நாள் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது, உங்கள் வக்கீலிடம் கேட்டு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்று தெரிந்தவனுக்கு ஒரு தள்ளுபடி, கதவு அடைத்ததாகத் தோன்றாது.

பைக்கை விற்கச் சொன்னதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. தன்னால் வீடு அழிகிறது என்று அவன் நினைக்கிறான். சம்பாதித்துப் போட்ட ஆண்பிள்ளைக்கு உள்ளே உட்கார்ந்து செலவு வைப்பதைப் போல வதை வேறில்லை. நாமும் தெரியாமல் அதைக் கூட்டுகிறோம். வக்கீலுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, இன்றைக்குக் கூலி போச்சு என்று அங்கே போய் நின்றுகொண்டு கணக்கு வாசிக்கிறோம். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பணம் நிஜமாகவே முட்டுகிறது என்றால், காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். பைக்கை விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் குடும்பக் கணக்கு. அவனிடம் மட்டும், “அது நிக்கட்டும், வந்து நீயே ஓட்டு, நீயே வில்லு” என்று சொல்லுங்கள்.

“வராதக்கா” என்று சொன்னதற்காக நிறுத்திவிடாதீர்கள். அடிக்கடி போக முடியாது என்பது புரிகிறது. மலையிலிருந்து இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகும். அதனால் அடிக்கடி போவதைவிட, சொன்ன நாளில் போவது முக்கியம். ஒரு கிழமையை முடிவு செய்து அவனிடம் சொல்லிவிடுங்கள். முடியாத வாரத்தில் சிறையிலிருந்து அவன் பேசுகிற போனுக்கு யாராவது எடுக்கும்படி இருங்கள். கடிதமும் எழுதுங்கள். அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் கேஸ் விஷயம் வேண்டாம். எந்த மரத்தில் மிளகு நிறையப் பிடித்திருக்கிறது, ஜீப்பை இப்போது யார் ஓட்டி எந்த வளைவில் இடித்தான், அம்மா யாரோடு சண்டை போட்டாள், இதெல்லாம் போதும். போனில் பேசியது பேசிய கையோடு போய்விடும். கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

அப்பாவை ஒரு தடவை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் எதுவும் பேச வேண்டாம். இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினாலும் சரி. ஐயா, நீங்கள் வராததை உங்கள் மகன் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருப்பான், கோர்ட் இன்னும் சொல்லாத தீர்ப்பாக. போய் நின்று “சாப்டியா” என்று கேட்டாலே போதும்.

உங்களுக்கும் தூக்கம் இல்லை என்று கடிதத்தின் கையெழுத்தே சொல்கிறது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் இருக்கிறது. தம்பிக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும் கூப்பிடலாம்.

கடைசியாக, ஜாமீன் கிடைத்த பிறகு நடக்க வேண்டியதை இப்போதே யோசித்து வையுங்கள். வெளியே வந்த முதல் சில வாரங்களும் ஆபத்தானவைதான், இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். நம் கோர்ட்டுகளில் இப்படிப்பட்ட வழக்குக்குப் பெரும்பாலும் நிபந்தனை ஜாமீன்தான் கிடைக்கும். சொந்த ஊருக்குப் போகக்கூடாது, வேறு ஊரில் தங்கி தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். பையன் முன்பின் தெரியாத ஊரில் ஏதோ ஒரு லாட்ஜில் தனியாக உட்கார்ந்திருப்பான், காலையில் ஒரு கையெழுத்து, அதற்குப் பிறகு பகல் முழுக்கச் சும்மா. அப்படி உத்தரவு வந்தால் அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். சொந்தக்காரர் யாராவது இருக்கிற ஊராகக் கேட்டுப் பார்க்கும்படி வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லையென்றால் மாமா, சித்தப்பா என்று மாற்றி மாற்றி யாராவது கூடத் தங்கட்டும். குடிப்பவனாக இருந்தால் சரக்கு பக்கத்தில் இருக்கக்கூடாது. நிபந்தனை தளர்ந்து ஊருக்கு வருவதற்குள், வீட்டிலும் தோட்டத்து ஷெட்டிலும் இருக்கிற பூச்சிமருந்தையெல்லாம் அப்புறப்படுத்தி, பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தபோது மாத்திரை ஆரம்பித்திருந்தால், வெளியே வருகிற அன்றே சிறை மருத்துவரிடம் சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த வாரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள்.